அப்படி ஒரு சாதனம் இல்லை

சின்னவளுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் வீட்டில் அவள் சின்னவள்தான். அக்காவுக்கு அடுத்துப் பிறந்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு வேறு பெயர்: துப்பு. காணாமல் போன பேனாவிலிருந்து ஒழுகும் குழாய் வரைக்கும் எதிலும் யாரோ ஒருத்தருடைய கை இருக்கிறது என்று நம்புகிறவளுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் ஆசையாக வைத்த பெயர். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கணினிகளைக் காப்பாற்றுகிற வேலைக்குச் சந்தேகப் புத்திதான் முதல் தகுதி என்பது அவளுடைய கட்சி.

அவள் வேலை பார்த்தது ஒரு ஸ்கேன் மையத்தில். கீழ்த்தளத்தில் நோயாளிகள், நாற்காலிகள், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். மேல்தளத்தின் கோடியில் குளிரூட்டிய சின்ன அறை. அதற்குள் ஒரு சர்வர். கீழே எடுக்கிற ஒவ்வொரு படமும் அதில் போய்த்தான் உட்காரும். அது படுத்தால் கீழே இருக்கும் வரிசையும் சேர்ந்து படுத்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் அவள் தன் மேசைக்கு வந்து கண்காணிப்புத் திரையைத் திறந்தபோது எல்லாமே பச்சையாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

சமீபத்தில் அந்தச் சர்வர் ஒரு நாளும் முழுப் பச்சையாக இருந்ததில்லை. மின்னழுத்தம் காட்டும் கோடு அவ்வப்போது கொஞ்சம் தொய்ந்து மஞ்சளைத் தொட்டுவிட்டு வரும். சில வாரங்களாகவே அப்படித்தான். இன்றைக்கு மட்டும் என்ன இவ்வளவு நல்ல பிள்ளை? கோட்டின் மேல் சுட்டியை வைத்துப் பெரிதாக்கினாள். கோடே இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு முடிந்திருந்தது. மின்னழுத்தம், மின்விசிறிகளின் வேகம், போர்டின் சூடு எல்லாம் அதே இடத்தில் அறுந்து நின்றன. அளவு வரவில்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று அந்தத் திரை தானாகவே முடிவு கட்டிப் பச்சை விளக்கைப் போட்டுவைத்திருந்தது.

சனிக்கிழமை மதியம் என்ன நடந்தது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். மையத்துக்கு அரை நாள் விடுமுறை. அந்த நேரத்தில் சர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புதிய கெர்னல் போட்டாள். கெர்னல் என்பது இயந்திரத்துக்கும் அதில் ஓடும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற அடிப்பகுதி. அது மாறினால் சில உறுப்புகள் பேச்சை நிறுத்திக்கொள்வது உலகத்தில் நடக்காத விஷயமில்லை.

அளவுகளைக் கேட்கும் கட்டளையை அடித்தாள். பிராசஸர் தன் சூட்டைத் தானே சொன்னது. மதர்போர்டில் இருக்கும் சென்சார் சிப்தான் வாயே திறக்கவில்லை. அந்தச் சிப்போடு பேசுவதற்கென்று கெர்னலுக்குள் ஒரு டிரைவர் உண்டு. அதைக் கையால் ஏற்றிப் பார்த்தாள். ஒரே வரியில் பதில் வந்தது: அப்படி ஒரு சாதனம் இல்லை.

"இல்லையா? சனிக்கிழமை காலை வரைக்கும் இருந்துச்சே, எங்க போச்சு?" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

மதிய இடைவேளையில் கீழே படமெடுப்பது நிற்கும். அந்தச் சமயம் பார்த்துச் சர்வரை நிறுத்தி, பழைய கெர்னலிலேயே மறுபடி கிளப்பினாள். பழையது அழியாமல் அப்படியே இருந்தது நல்லதாகப் போயிற்று. அதில் அளவுகள் வந்துவிட்டால் புதிய கெர்னல்தான் குற்றவாளி, கதை முடிந்தது.

வரவில்லை. பழைய கெர்னலும் அதே பதிலைச் சொன்னது. அப்படி ஒரு சாதனம் இல்லை.

மூன்று வருடமாக எந்தக் கெர்னலில் அளவுகள் ஒழுங்காக வந்தனவோ, அதே கெர்னலில் இப்போது வரவில்லை. அப்படியானால் மென்பொருள் மேல் பழி போட முடியாது. மாறியிருப்பது இரும்பும் தகடும்தான். சனிக்கிழமை அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தவர் ஒரே ஒரு ஆள்.

அத்தான்.

அக்கா வீட்டுக்காரர் கணினிப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தார். இந்தச் சர்வரை மையத்துக்கு விற்றவரே அவர்தான். பெரிய டாக்டரிடம் பேசி, "எங்க அத்தான் டாக்டர், நம்பி வாங்கலாம்" என்று வாங்க வைத்தவள் சின்னவள். சனிக்கிழமை எப்படியும் நிறுத்தப்போகிறோமே, வந்து தூசி தட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டவளும் அவள்தான். கெர்னல் ஏறி முடிந்ததும் சர்வரை அணைத்து அவரிடம் ஒப்படைத்தாள். அதற்குள் பெரிய டாக்டர் பிரிண்டர் தகராறு என்று மறுபடி கீழே கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அத்தான் பெட்டியை மூடித் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

இந்த யோசனையோடு அவள் படியிறங்கி வாசல் காவலரிடம் போனாள். பேச்சு வாக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"சனிக்கிழமை எங்க அத்தான் வந்தாரே, கையில ஏதாச்சும் வெச்சிருந்தாரா?"

"ஒரு அட்டைப் பெட்டி வெச்சிருந்தாரும்மா."

"போகும்போது?"

"போகும்போதும் அதே பெட்டிதான். ஏம்மா, மேல ஏதாவது காணோமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மாதிரி இல்லையே," என்றார் காவலர். அவரும் சந்தேகப் பிராணிதான். வேலை அப்படி.

தூசி தட்ட வருகிறவருக்கு ஒரு பிரஷ் போதும், ஊதுகிற கருவி போதும். அட்டைப் பெட்டி எதற்கு? கொண்டுவந்த பெட்டிக்குள் இருந்தது என்ன, கொண்டுபோன பெட்டிக்குள் இருந்தது என்ன? மதர்போர்டின் மாடல் பெயரை மென்பொருள் வழியாகக் கேட்டுப் பார்த்தாள். அதே பெயர்தான் வந்தது. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் தயாரித்தவர்கள் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார்கள். நல்ல போர்டைக் கழற்றிக்கொண்டு, அதே மாடலில் பழுதான ஒன்றை மாட்டிவைத்தால் பெயர் எப்படி மாறும்? பெயர் அப்படியே இருக்கும், சிப் செத்திருக்கும். எதைத் தொட்டாலும் அது அத்தானிடம்தான் கொண்டுபோய் விட்டது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அப்பா அங்கேதான் இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை வராது, பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: சரி. பசிக்கிறதா என்றால் சரி, வலிக்கிறதா என்றால் சரி. எந்தச் சரிக்கு எது அர்த்தம் என்பது அத்தானுக்குத்தான் பிடிபடும். தினமும் அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, தூக்கி உட்கார வைப்பதும் அத்தான்தான். பெற்ற பெண்கள் இரண்டு பேர் இருந்தும் அந்த வேலையை யாரும் சொல்லாமலே தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்ட மனிதர்.

அவள் போன நேரத்தில் அத்தான் அப்பாவுக்கு முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"வா சின்னவளே. உக்காரு. உங்கப்பா இன்னிக்கு மாப்பிள்ளை ஆகப்போறாரு."

"சரி," என்றார் அப்பா.

சின்னவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அத்தான், சனிக்கிழமை நம்ம சர்வர திறந்தீங்கல்ல..."

"தூசிதான் தட்டினேன். வேற எதையும் தொடல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை! அவள் இன்னும் கேள்வியைக் கேட்டே முடிக்கவில்லை. சவரக் கத்தி அப்பாவின் கன்னத்தில் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது.

"தொட்டீங்கன்னு நான் சொல்லலையே. உள்ள எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"நல்லா இருந்துச்சு. ஏன், ஓடலையா?"

"ஓடுது. சென்சார் அளவுதான் வரல. ஃபேன் வேகம், வோல்டேஜ், ஒண்ணும் காட்டல."

"வோல்டேஜ் காட்டலையா?" அத்தான் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. பயமா நிம்மதியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "புது கெர்னல் போட்டேன்னு சொன்னியே, அதுவா இருக்கும்."

"பழசுலயும் வரல."

"அப்போ தெரியல," என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போய்விட்டார். கத்தியில் அவ்வளவு நுரை இல்லை.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா என்னடி விசாரணைக் கமிஷன்? மனுஷன் கடைய மூடிட்டு இப்பதான் வந்தாரு."

"ஒண்ணும் இல்லக்கா. வேலை விஷயம்."

"உன் வேலை விஷயம் எனக்குத் தெரியாதா? போன தடவ என் காதுத் தோட்டக் காணோம்னு வேலைக்கு வர்ற அம்மாவப் பார்த்த பார்வை இருக்கே! அது கடைசியில கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு."

சின்னவள் காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள். வழி முழுக்க மனம் ஒரே இடத்தில் செக்கு மாடாகச் சுற்றியது. அவர் பொய் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினால் அக்கா வீட்டுப் படியை எப்படி மிதிப்பது? அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு திருடனைப் பிடிப்பதற்காக அப்பாவைக் குளிப்பாட்டுகிற கையை வெட்டிவிடுவதா? அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால், கீழே வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் படங்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.

மறுநாள் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், சர்வரை மதிய இடைவேளையில் திறக்க வேண்டும் என்றாள். ஸ்கேன் படம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"சனிக்கிழமைதானே தொறந்து தூசி தட்டினீங்க?"

"கொஞ்சம் விட்டுப்போச்சு டாக்டர்."

"உங்க அத்தான் அப்படி விடுற ஆளா?"

"இந்தத் தடவ விட்டுட்டாரு."

பொய் சொல்லும்போது தன் குரலும் அத்தான் குரல் மாதிரியே அவசரப்பட்டதைச் சின்னவள் கவனித்தாள்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கையில் டார்ச்சை எடுத்தாள். போர்டு மாறியிருந்தால் அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் முன்னால் இதைப் பொருத்திய நாளில், மெமரி அட்டையை ஆவேசமாக அழுத்தி, அது உட்காரும் துளையின் வெள்ளைக் கவ்வியை உடைத்தவளே அவள்தான். அன்றைக்கு அத்தான் சிரித்தபடி மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து அங்கே கட்டிக் கொடுத்திருந்தார்.

கவ்வி உடைந்தே இருந்தது. கம்பியும் இருந்தது.

அதே போர்டு. சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. அடுத்த மூச்சிலேயே வெட்கமாகவும் இருந்தது. அப்பாவுக்குத் தினமும் சவரம் செய்துவிடுகிற மனிதரை நேற்று முழுவதும் மனதுக்குள் திருடன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்!

எழுந்து தகட்டை மூடப் போனவள் நின்றாள். பெட்டியின் அடி மூலையில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை. எவ்வளவு தட்டினாலும் போகாத மூன்று வருடத்துப் பழுப்பு, மற்ற எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. இது மட்டும் கடையிலிருந்து இறக்கியதுபோல் பளபளத்தது. பெயர்ச்சீட்டிலிருந்த கம்பெனியே வேறு.

தகட்டை மூடினாள். சர்வரைக் கிளப்பிவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள். அளவுகள் இன்னமும் வரவில்லை. போர்டு மாறவில்லை, பவர் சப்ளையை மாற்றினால் சென்சார் சிப் காணாமல் போகாது. அப்படியானால் அளவுகள் எங்கே?

இந்த முறை டிரைவர் சொன்ன ஒற்றை வரியோடு நிற்காமல், கெர்னல் கிளம்பும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற எல்லாவற்றையும் மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தாள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. 'சாதனம் இல்லை' என்ற வார்த்தை அவள் சந்தேகத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது. அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

நடுவில் ஒரு எச்சரிக்கை இருந்தது. சென்சார் சிப் இருக்கும் முகவரியைப் போர்டோடு கூடவே வரும் மென்பொருளான ஃபர்ம்வேர் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுகிறது; இரண்டு பேர் ஒரே இடத்தில் கைவைத்தால் மோதல் வரும்; ஆகவே டிரைவரை விலக்கி வைத்திருக்கிறேன் என்று கெர்னல் தெளிவாகவே எழுதியிருந்தது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட டிரைவர், உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறது.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கேயோ இல்லை, இதே சர்வரில்தான். பொருத்திய நாளிலும் இதே எச்சரிக்கை வந்தது. அப்போது நன்றாக யோசித்து, சோதித்துப் பார்த்து, 'மோதல் இருந்தாலும் பரவாயில்லை, டிரைவரை உள்ளே விடு' என்று கெர்னலுக்குச் சொல்லும் ஒரு சொல்லைத் துவக்க அமைப்புக் கோப்பில் சேர்த்தவள் அவளே. அந்தக் கோப்பைத் திறந்தாள். சொல் இல்லை. பக்கத்திலேயே அதன் பழைய பிரதி கிடந்தது. அதில் இருந்தது.

சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. கெர்னலோடு சேர்ந்து மற்றவையும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றது: இந்தக் கோப்பின் புதிய வடிவம் வந்திருக்கிறது, உங்களுடைய பழையதையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து டாக்டரின் முதல் அழைப்பு. புதியது என்பதை அழுத்திவிட்டு எழுந்து ஓடினாள். அந்த ஓர் அழுத்தத்தில் அவள் எழுதிய சொல் போயிற்று. பழைய கெர்னலும் அதே கோப்பைப் பார்த்துத்தான் கிளம்பும், அதனால்தான் அதிலும் அளவுகள் வரவில்லை. ஊரில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்ட துப்பு, தன் சுண்டுவிரலைச் சந்தேகப்படவே இல்லை.

சொல்லைத் திரும்பச் சேர்த்தாள். அன்றைய கடைசி நோயாளி போனதும் சர்வரை மறுபடி கிளப்பினாள். விசிறிகள் தங்கள் வேகத்தைச் சொல்லின. போர்டு தன் சூட்டைச் சொன்னது. மின்னழுத்தக் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஓடியது. தொய்வு இல்லை, மஞ்சள் இல்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழம் தானாகத்தான் விழுந்தது. சரி, ஆனால் அந்தக் காக்கை எதற்கு வந்து உட்கார்ந்தது?

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே போய் நின்றாள். கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அத்தான் அவளைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பவர் சப்ளைய மாத்தினீங்க," என்றாள், உட்காராமலே.

அவர் மறுக்கவில்லை. "திறந்து பார்த்தியா?"

"நீங்க போர்ட எடுத்துட்டீங்கன்னு நெனச்சுத் திறந்தேன்."

அத்தான் "போர்டா? நானா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"நீங்க பொய் சொன்னீங்க அத்தான். அதனாலதான் எங்க வரைக்கும் யோசன போச்சு. எதுக்கு மறைச்சீங்க?"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மூன்று வருடம் முன்னால் அவர் மொத்தமாக வாங்கி விற்ற பவர் சப்ளைகளில் கோளாறு. கொஞ்ச காலம் ஓடியதும் மின்னழுத்தம் தொய்ய ஆரம்பிக்கும், பிறகு ஒரு நாள் புகை. நாலு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் அப்படித்தான் ஒன்று புகைந்து, கணினியே கருகிப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள் சின்னவள் சாப்பாட்டுக்கு வந்தவள், "எங்க சர்வர்ல வோல்டேஜ் அடிக்கடி மஞ்சளுக்கு வருது அத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"உன் பேரு கெட்டுடக்கூடாதுன்னுதான் முதல்ல உன்னோடத மாத்தினேன்."

"என் பேரா, கடை பேரா?"

"ரெண்டும்தான்." அவர் மேசைத் துணியை மடித்தார், பிரித்தார். "மத்தவங்களோடதையும் ஒவ்வொண்ணா மாத்திடுவேன். தூசி தட்டுறேன்னு போய் மாத்திட்டு வந்துட்டா யாருக்கும் தெரியாது."

"அச்சகத்துல என்ன சொன்னீங்க?"

அத்தான் அவள் உட்காராத ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார்.

"என்ன சொன்னீங்க அத்தான்?"

"சுவத்து வயரிங்ல கோளாறு இருக்கும்னு சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. அவரு அதையே பிடிச்சுக்கிட்டாரு. வயரிங் பண்ண எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டு நாக்குல நரம்பில்லாம பேசி அனுப்பிட்டாரு. அந்தாளுக்கு அந்தத் தெருவுல இப்ப யாரும் வேலை கொடுக்கிறதில்லையாம்."

சின்னவளுக்குக் காது சூடேறியது. செய்யாத தப்புக்கு ஒரு மனிதனைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம் என்பதை அவள் இரண்டு நாளாகச் செய்தே பார்த்திருந்தாள்.

"கிளம்புங்க. அச்சகத்துக்குப் போய் உள்ளத உள்ளபடி சொல்லுவோம்."

"சொன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"உங்கக்கா முகத்துல முழிக்கணுமா வேண்டாமா நீ?" இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டார்.

அன்று அவர் வரவில்லை. வேலைக்குத் திரும்பிய சின்னவள் நேரே பெரிய டாக்டரிடம் போனாள். கோப்பில் தான் செய்த தவறையும், பவர் சப்ளை கோளாறையும், திறந்ததற்குச் சொன்ன பொய்யான காரணத்தையும் சொன்னாள். டாக்டர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"சொன்னது நல்லது. ஆனா உங்க அத்தான் இனிமே அந்த அறைக்குள்ள வேண்டாம். நீங்க இல்லாதப்ப வேற யாரும் வேண்டாம்." வாசல் வரை போனவளை மறுபடி கூப்பிட்டு, "இனிமே அளவு வரலன்னா சிவப்பு எரியட்டும். பச்சையப் பார்த்து நான் இந்த ரெண்டு மூணு நாளா நிம்மதியா இருந்துட்டேன்," என்றார்.

சாயங்காலம் அக்காவின் ஃபோன்.

"போர்டத் திருடிட்டாருன்னு நெனச்சியாமே?"

"அக்கா, நான்..."

"அப்பாவுக்கு அவரு துடைச்சுவிடாத இடம் இருக்காடி? அந்த மனுஷனப் போய்! நாளைக்கே வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போ. நீயே வெச்சுப் பாரு. என் வீட்டுக்காரர் எதையாச்சும் எடுத்துட்டாருன்னா அப்புறம் அதுக்கும் என்னைக் கேப்ப."

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். இரண்டும் உண்மையாக இருந்தது. அவள் நினைத்தது தப்பு, அவர் செய்ததும் தப்பு. அக்காவுக்கு முதல் பாதிதான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. மறுபாதியைச் சின்னவளாகச் சொல்லப் போவதில்லை. தன் வீட்டு முன்னறையை ஒழித்து, கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் அப்பாவுக்கு வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அப்பாவைத்தான் அழைத்து வந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தாள். அத்தான் மட்டும் வண்டியிலிருந்து இறங்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏறு. அச்சகம் திறந்திருக்கும்."

"அக்கா?"

"ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். என்கிட்டயும் பேசல. கட்சியில நம்ம ரெண்டு பேருதான் இப்போ."

அச்சகத்துக்காரர் பருத்த மனிதர். மை படிந்த விரல்கள். அத்தான் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நான் விற்ற சாமான்தான் புகைஞ்சது, வயரிங் மேல பழிய போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அச்சகத்துக்காரர் முதலில் கத்தினார். இயந்திரங்களின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். பிறகு திடீரென்று அமைதியாகி, மேசை மேல் இருந்த ஃபோனை எடுத்து ஓர் எண்ணைத் தட்டி, அத்தானின் கையில் வைத்தார்.

"எலெக்ட்ரீஷியன். நீங்களே சொல்லுங்க. என்னால பேச முடியாது."

அத்தான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மறுமுனையில் இருந்தவரின் குரல் சின்னவளுக்கும் கேட்டது. நிதானமான குரல்.

"அப்போ என் வயரிங் சரிதானே?"

"சரிதாங்க. உங்க மேல தப்பே இல்ல."

"அது எனக்குத் தெரியும். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தெருவுல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அத்தான் ஃபோனை மேசை மேல் மெதுவாக வைத்தார். அச்சகத்துக்காரர் அவரைப் பார்த்தார். அத்தான் சின்னவளைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். பக்கத்தில் தையல் கடை, அதற்கடுத்து மருந்துக் கடை, எதிரே சைக்கிள் பழுது பார்க்கிற இடம். அத்தான் தையல் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கூடவே அச்சகத்துக்காரரும் போனார். தெருவின் அந்தக் கோடி வரைக்கும் இரண்டு பேரும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார்கள். சின்னவள் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றாள்.

அதற்குப் பிறகு அத்தான் மற்ற வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். சிலர் கடையை விட்டுப் போனார்கள், சிலர் போகவில்லை. மாற்றிக் கொடுத்த இடங்களில் பாதிக்குச் சின்னவளும் கூடப் போனாள். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் மாற்றுகிறாரா என்று எண்ணிப் பார்க்கத்தான் வருகிறாள் என்பது அத்தானுக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முன்னைப்போல் அவளோடு சிரித்துப் பேசவும் இல்லை.

அப்பாவை அக்கா அனுப்பவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போ என்று மறுபடி சொல்லவும் இல்லை. அந்த வாரக் கடைசியில் சின்னவள் தயங்கித் தயங்கி அங்கே போனபோது, அக்கா கதவைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே திரும்பி நடந்தாள். உள்ளேயிருந்து அத்தானின் குரல் கேட்டது.

"யாரு, சின்னவளா? அந்தத் துண்ட எடுத்துட்டு வா. உங்கப்பா நனைஞ்சுபோய் உக்காந்திருக்காரு."

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் குளியலறைப் பக்கம் போனாள்.